கண்ணாடி துடைக்கும் துணி

கீழே விழுந்த ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவற்றிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. விழுந்ததை வீட்டிலேயே திறந்து பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்துவிட்டால் அவனவன் சர்ஜன் ஆகிவிடுகிறான்.

அன்று வந்த தம்பதியில் கணவர்தான் பேசினார். மனைவியின் கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தது. புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம். ஆபரேஷனுக்கு முன்னால், ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாகப் படித்துத் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார். அதைக் குரல் செய்து தரும் கம்பெனிக்குக் கொடுத்தால், போனில் டைப் செய்வதை அவருடைய குரலிலேயே பேச வைக்கலாம். கொடுப்பதற்குள் டிஸ்க் அலமாரியிலிருந்து விழுந்துவிட்டது. வேறு காப்பி இருக்கிறதா என்று கேட்டேன். கணவர் மென்று முழுங்கினார். லேப்டாப்பில் இடமில்லை என்று நேராக டிஸ்க்கிலேயே பதிந்தார்களாம். நல்லா இருக்கு கதை என்று நினைத்துக்கொண்டேன்.

திறந்தீர்களா என்று கேட்டதற்கு, கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்றார்.

அந்த அம்மா போனில் ஏதோ தட்டினார். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரு பெண்குரல் கேட்டது: "என் குரல் திரும்பக் கிடைக்குமா?"

விழுந்த அடி மட்டும் என்றால் கிடைக்கும் என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

தூசி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியைக் கழற்றினேன். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளவென்று இருக்க வேண்டிய, ஃபைல்கள் பதிந்திருக்கும் தட்டில் வளைவு வளைவாகத் துடைத்த தடம். ஓரத்தில் பாதிக் கட்டைவிரல் ரேகை. கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டேன்.

"தூசியா இருந்துச்சு மேடம். கண்ணாடி துடைக்கிற துணியாலதான் துடைச்சேன், ரொம்ப மெதுவா," என்றார். பிறகு குரலை இறக்கி, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றார்.

அவரை நாலு வார்த்தை திட்டவேண்டும் போலிருந்தது. அவர் நின்ற கோலத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். "நான் பார்த்ததைத்தான் ரிப்போர்ட்ல எழுதுவேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

தட்டைச் சுத்தம் செய்து, அதே மாடல் பழைய டிஸ்க்கிலிருந்து பதிவைப் படிக்கும் முனைகளை எடுத்து மாட்டினேன். தேய்ந்த இடத்துக்குப் போனதும் கிறீச்சிட்டு அவை செத்தன. இன்னொரு ஜோடியும் அதே வழியில் போயிற்று. துணி படாத ஓரத்திலிருந்து ஒரே ஒரு ஃபைல் முழுதாக வந்தது. முதல் நாள் மைக்கைச் சோதித்துப் பார்த்த பதிவு.

இருவரையும் உட்காரவைத்து அதை ஓடவிட்டேன். கொஞ்சம் கரகரப்பான, வேகமான குரல்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... கேக்குதா? ஏங்க, மைக்கை ஏன் திருப்புறீங்க? நான் சரியாத்தானே வச்சிருக்கேன். எதைப் பார்த்தாலும் நோண்டணும் உங்களுக்கு. தொடாதீங்க. சொன்னா கேளுங்க, தொடாதீங்க."

அதன்பின் இருவரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம்.

அந்த அம்மாவின் கை கழுத்துக்குப் போயிருந்தது. மிச்சம் எங்கே என்பதுபோல் என்னைப் பார்த்தார். இவ்வளவுதான் வந்தது என்றேன். இதை வைத்துக் குரல் செய்ய முடியாது என்பதையும் சொன்னேன்.

"நான்தான்," என்றார் கணவர். "கெட்டுப் போயிடுச்சேன்னு திறந்தேன். துடைச்சேன். நான்தான்."

அந்த அம்மாவின் உதடுகள் வேகவேகமாக அசைந்தன. கழுத்துத் துணிக்குப் பின்னால் காற்று மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது. போனை எடுத்து ஏதோ தட்டினார். பேசவைக்கும் பொத்தானை அமுக்கவில்லை. தட்டியதையெல்லாம் அழித்துவிட்டார். யாரோ ஒருத்தியின் குரலில் புருஷனைத் திட்ட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

எட்டி என் மவுஸைப் பிடித்து, பதிவைக் கொஞ்சம் பின்னால் இழுத்து அமுக்கினார்.

"எதைப் பார்த்தாலும் நோண்டணும் உங்களுக்கு. தொடாதீங்க. சொன்னா கேளுங்க, தொடாதீங்க."

கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அம்மா மறுபடி இழுத்தார், மறுபடி அமுக்கினார். ஒவ்வொரு தடவையும், சிரிப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்.