அழுக்குப் பஞ்சு

பிளாஷெனா கை வைத்த இடம் பளபளக்காமல் இருந்ததில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கினால் செக் நாட்டுப் பிர்னோ நகரத்து அடுக்குமாடிப் பெண்கள் எல்லோருக்குமே துடைக்கிற வெறி பிடிக்கும். இவளுக்குப் பிடிப்பது தனி ரகம். ஜன்னல், திரைச்சீலை, அலமாரியின் பின்பக்கம் என்று எல்லாம் முடிந்து, துடைக்க வேறொன்றும் கிடைக்காமல் நின்றபோதுதான் அவள் கண் கணவரின் மீன் தொட்டி மேல் விழுந்தது.

கணவர் ஓல்தா இதய அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். மயக்கம் தெளிந்து முதன்முதலில் போனில் பேசியபோது அவர் கேட்டது இதுதான்: "மீனுங்க சாப்பிட்டுச்சா?"

"நான் சாப்பிட்டேனான்னு ஒரு வார்த்தை கேக்குறீங்களா?"

"நீ சாப்பிடாம இருக்க மாட்டே. அதுங்களுக்குக் கேக்கத் தெரியாதே."

ஓல்தாவின் ஏஞ்சல் மீன்கள் கடையில் வாங்கியவை அல்ல. முட்டையிலிருந்து அவரே பொரிக்க வைத்து, குஞ்சுகளில் நல்லதாகப் பொறுக்கி, மறுபடி முட்டையிட வைத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்த குடும்பம் அது. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொட்டி பிளாஷெனாவுக்குச் சக்களத்திதான். ஒரு நாளும் அதன் பக்கம் போனதில்லை. ஆனால் மனிதர் மார்பைப் பிளந்து தைத்துக்கொண்டு கிடக்கும்போது பழைய பொறாமையெல்லாம் எங்கே நிற்கும்? திரும்பி வருகிறவர் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அது ஆசைதான், அன்புதான். அதை நாம் மறுக்க முடியாது.

மீன்களை வாளிக்கு மாற்றினாள். ஊரில் மற்ற வீடுகளில் பண்டிகை விருந்துக்கு உயிரோடு வாங்கிய கெண்டை மீன் நீந்துகிற குளியல் தொட்டியில், இவள் வீட்டில் கூழாங்கற்கள் வெந்நீரில் ஊறின. வடிகட்டியைத் திறந்தால் உள்ளே இருந்த ஸ்பாஞ்சுப் பஞ்சு சாக்கடையிலிருந்து எடுத்தது போலக் கருப்பாகச் சொட்டியது. இதை உள்ளே வைத்துக்கொண்டா எனக்குத் தண்ணீர் சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார் என்று சிரித்துக்கொண்டே, கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பிழிந்து பிழிந்து, அதன் சொந்த மஞ்சள் நிறம் வரும்வரை விடவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வைத்துப் புதுத் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டபோது அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பால் கலந்தது போல மங்கியது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போட்ட தீனி அப்படியே மிதந்தது. "அவரு மனசு அலட்டிக்கக் கூடாது" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவர் வந்து பார்க்கும்போது தொட்டி காலியாக இருந்தால்?

மீனைப் பற்றிக் கேட்க அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான், முற்றத்துக்கு அந்தப்பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ராதிம். ஒரு காலத்தில் ஓல்தாவும் அவரும் நகமும் சதையும். பிறகு மீன் வளர்ப்போர் சங்கத்துக் கண்காட்சியில், "இந்த நிறம் ரத்தத்துல வந்ததில்லை, மருந்துல வந்தது" என்று ஓல்தாவின் மீனைப் பார்த்து நாலு பேர் நடுவில் ராதிம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒருவரைக் கண்டால் மற்றவர் சுற்றுவழியில் போவார். அந்த வீட்டு மணியை அடிக்கப் பிளாஷெனாவின் விரல் கூசியது. வேறு வழியில்லை, அடித்தாள்.

கதவைத் திறந்த ராதிமின் முகம் அவளைப் பார்த்ததும் வெளுத்துப் போனது. "ஓல்தாவுக்கு ஏதாச்சும்...?"

"அவரு நல்லா இருக்காரு. மீனுதான்..." அவள் வாசலிலேயே அழுதுவிட்டாள்.

செய்ததையெல்லாம் கேட்டுவிட்டு ராதிம் தலையில் அடித்துக்கொண்டார். "வெந்நீர்லயா? பஞ்சையா? அடிப்பாவி! மீன் கழிவு விஷம் பிளாஷெனா. அதைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துற கிருமி அந்த அழுக்குலதான் குடியிருக்கு. அது பெருகறதுக்கு வாரக்கணக்கா ஆகும். நீ ஒரே நாள்ல குடியோட அழிச்சிட்டியே."

"உங்க பஞ்சுல பாதி வெட்டிக் குடுங்களேன்."

"பாதி எப்படிப் பத்தும்? உன் மீனுங்க இப்பவே மூச்சுக்குத் தவிக்குது." அவர் உள்ளே போய்த் தன் தொட்டியின் கருத்த பஞ்சை முழுசாகத் தண்ணீரோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். "எடுத்துட்டுப் போ. தினமும் கொஞ்சம் தண்ணி மாத்து. தீனியை நிறுத்து. எங்கிட்ட வேற ஒண்ணு இருக்கு. ஆனா அவன்கிட்ட என் பேரைச் சொல்லிடாதே. வீம்புக்குத் தூக்கி எறிஞ்சிடுவான்."

அந்த அழுக்கைப் பிளாஷெனா கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். ராதிம் சொன்னபடியே செய்தாள். மீன்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. தண்ணீர் தெளிந்தது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

ஓல்தா வீடு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். மீன்கள் அவரைக் கண்டு கண்ணாடியோரம் கூடின. "உன்னை நம்பி விட்டுட்டுப் போனது வீண் போகலைடி" என்றார். அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வடிகட்டியின் மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே இருந்த பஞ்சு கத்தியால் கோணலாக அறுத்த பஞ்சு. ஓல்தா எப்போதும் கத்தரிக்கோலால் நேராக வெட்டுகிறவர்.

"இது ராதிமோடது."

பிளாஷெனா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். வெந்நீர், பால் நிறம், வாசலில் அழுதது, எதையும் விடவில்லை. வீடு அதிரக் கத்துவார் என்று எதிர்பார்த்து அவர் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓல்தா கத்தவில்லை. "முழுசாவா குடுத்தான்?" என்று மட்டும் கேட்டார்.

"வேற ஒண்ணு இருக்குன்னு சொன்னாரே."

"மண்ணாங்கட்டி இருக்கு. ஒரு தொட்டிக்கு ஒரு பஞ்சு போதும்னு சங்கத்துல எல்லாரோடயும் மல்லுக்கு நின்னவன் அவன். கத்தரிக்கோலை எடு. தேறிட்ட மீனுங்களுக்கு இனி பாதி போதும்."

பஞ்சைச் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதியை வடிகட்டியில் திரும்ப வைத்தார். மறுபாதியைத் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? நான் கொண்டுபோய்க் குடுக்கறேன், நீங்க படுங்க!"

"லிஃப்ட்ல இறங்கி, லிஃப்ட்ல ஏறப் போறேன். நடுவுல முற்றம்தானே? உன் தோளைக் குடு."

பனியில் அவர் இரண்டடிக்கு ஒரு முறை நின்றார். நிற்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ராதிம் கதவைத் திறந்தபோது சட்டைக் கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. பின்னால் நடைவழி முழுக்க வாளிகள். அதற்கப்பால் அவருடைய டிஸ்கஸ் மீன் தொட்டி பால் போல மங்கிக் கிடந்தது. பிளாஷெனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் அவளால் தலை நிமிர முடியவில்லை.

ஓல்தா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை போச்சு?" என்றார்.

"பெருசு ரெண்டும் போயிடுச்சு. சின்னதுங்க தாக்குப் பிடிக்குது."

"அதுங்களை நீ எவ்வளவு நாளா வளர்த்தே! ஏன்டா குடுத்தே?"

ராதிம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "உன் மீனும் போய், அந்தக் கவலையில நீயும் போயிட்டா, நான் யாரோடடா பேசாம இருப்பேன்?"

பிளாஷெனா பையை நீட்டினாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததும் ராதிமின் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை வாங்கிக்கொண்டுபோய் வடிகட்டியில் வைத்துவிட்டு வந்தார். ஓல்தா இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவைக் கழற்றாமல் உள்ளே போவதில்லை. ஓல்தாவோ மார்புத் தையல் பிரிக்கும்வரை குனியக் கூடாது. பிளாஷெனா குனியப் போனாள்.

"நீ விடு" என்று ராதிம் அவளை விலக்கிவிட்டு, வாளிகளை நகர்த்தித் தரையில் மண்டியிட்டார். பனி ஒட்டிய ஷூவின் நாடாவை நிதானமாக அவிழ்த்தார். "காலைத் தூக்குடா."

ஓல்தா அவர் தலையில் கையை ஊன்றிக்கொண்டு காலைத் தூக்கினார்.