முந்நூற்றுப் பன்னிரண்டாவது லேபிள்

மூன்றாவது முறை எண்ணியும் முந்நூற்றுப் பதினொன்றுதான் வந்தது.

சட்டை முந்நூற்றுப் பன்னிரண்டு. கழுத்துக்கு ஒன்று என்று பிரித்தால் லேபிளும் முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. பத்துப் பத்தாக ரப்பர் போட்டுத் தரையில் அடுக்கி, நான்காவது முறையும் எண்ணினேன். முப்பத்தொரு கட்டு, ஒரே ஒரு உதிரி. உதிரி இரண்டு இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். என் தம்பி ஒரு சட்டைக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பெரிய பிராண்டுக்குத் தைத்து மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது என்று அங்கே நல்ல நல்ல சட்டையெல்லாம் குடோனில் வருடக்கணக்கில் கிடக்கும். பிறகு ஒருநாள் முதுகில் கத்தியால் ஒரு கிழி கிழித்து பாய்லரில் போட்டுவிடுவார்கள். பிராண்டின் பெயரோடு சட்டை சல்லிசாகத் தெருவுக்கு வந்துவிடக் கூடாதாம். நானும் அங்கே பதினோரு வருடம் செக்கராக இருந்தவள். பொத்தான் கோணல், தையல் வளைவு என்று நான் மல்லுக்கட்டித் திருத்தி வாங்கிய சட்டைகளைக் கண்ணெதிரே கிழிப்பார்கள். வயிறு எரியும். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டேன். இப்போது கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி மிஞ்சியதை வாங்கி, வீட்டு முன்னறையிலிருந்து ஆன்லைனில் விற்கிறேன். 'செக்கரின் கண் பட்ட சட்டை' என்று கடைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

என் பழைய கம்பெனி மட்டும் மசியவே இல்லை. தம்பி மானேஜரிடம் நடையாய் நடந்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இந்த முந்நூற்றுப் பன்னிரண்டைக் கொடுத்தார்கள். பிரித்த லேபிளையெல்லாம் எண்ணி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் திருப்பித் தரவேண்டும். ஒன்று குறைந்தாலும் தம்பிதான் பொறுப்பு என்று அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குறைந்தால் அவனுக்கு வேலை இல்லை. குடோனில் மிச்சமிருக்கும் நாலாயிரமும் பாய்லருக்கு.

இன்று புதன், மதியம் மணி பன்னிரண்டரை. ஐம்பத்தெட்டு சட்டை நாலு நாளைக்கு முன்பே பார்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது. லேபிளை எண்ணிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆர்டர் மளமளவென்று வந்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லேபிள் பிரித்தது முழுக்கத் தம்பி பெண்டாட்டி. ஓரிடத்தில் நில்லாமல் பறந்துகொண்டே இருப்பாள் என்பதால் சிட்டு என்று கூப்பிடுவோம். பிளேடு பிடித்தால் நூல் மட்டும்தான் அறும், துணியில் கீறல் விழாது. நான் தேய்த்து மடித்துப் பார்சல் கட்டினேன். இவ்வளவு நல்ல கை என்று அவளிடம் ஒருநாளும் நான் சொன்னதில்லை.

"அண்ணி, கட்டிலுக்கு அடியில பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்துட்டேன்."

"குப்பைத் தொட்டி?"

"கொட்டிப் பார்த்துட்டேன்."

"அப்போ எங்கதான் போயிருக்கும்?"

"எங்க போயிருக்கும்? சட்டையிலயே போயிருக்கும். காதுல இயர்போன மாட்டிக் கதை கேட்டுக்கிட்டு உட்கார்ந்தா கண்ணு எங்க வேலை செய்யும்?"

அவள் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "நான் பார்த்துத்தான் பிரிச்சேன் அண்ணி."

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "உன் புருஷன் சோத்துல நீயே மண்ண அள்ளிப் போட்டுட்ட. உன்கிட்ட ஒரு வேலைய நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றேன்.

ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். எனக்கு அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு போனைப் பிடித்தேன்.

முதல் ஆள், "லேபிள் இருந்தா விலை கூடுமா?" என்று கேட்டார். அடுத்தவர், "இப்ப ஓடிபி கேப்பீங்க, அதானே?" என்று வைத்துவிட்டார். ஒருவர் சைஸ் சீட்டையே லேபிள் என்று நினைத்து, இருக்கிறது என்றார். என் உயிர் போய்த் திரும்பி வந்தது. உட்கார்ந்து பேச முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே பேசினேன். நடுவில் தம்பி இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. என்னத்தைச் சொல்வது?

பத்தொன்பதாவதாக ஒரு தையல்காரப் பெண்மணி கிடைத்தார். மகனுக்கு வாங்கியிருந்தார். எடுத்துப் பார்த்துவிட்டு வந்து நிதானமாகப் பேசினார்.

"லேபிள் இல்லம்மா. தையல் பிரிச்ச ஓட்டைதான் நாலு பக்கமும் பொடிப் பொடியா வரிசையா இருக்கு. யாரு பிரிச்சது? ஒரு இழைகூடச் சேதாரம் இல்ல. நல்ல கை."

நன்றி சொல்லி வைத்துவிட்டு அறையின் நடுவில் அப்படியே நின்றேன். ஓட்டை. லேபிளைப் பிரிக்கலாம், ஊசி போன தடத்தைப் பிரிக்க முடியாது. ஒரு சட்டையில் அந்தத் தடமே இல்லையென்றால்? லேபிள் வைக்க மறந்து தைத்த சட்டை! தையல் லைனில் ஆயிரத்துக்கு ஒன்று அப்படி வரும். செக்கர் பிடித்துத் திருப்பி அனுப்பவேண்டும். எவளோ ஒருத்தி கோட்டை விட்டிருக்கிறாள். அப்படியானால் நாங்கள் எதையும் தொலைக்கவில்லை.

வீட்டிலிருந்த இருநூற்று ஐம்பத்து நாலு சட்டையையும் பிரித்தேன். வெளிச்சம் போவதற்குள் முடிக்கவேண்டுமே என்று ஒவ்வொரு கழுத்தையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓட்டை இருந்தது. தேய்த்து அடுக்கியதெல்லாம் அறை முழுக்கக் குவிந்து, கால் வைக்க இடமில்லை. வாங்கிய அத்தனை பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: சட்டையின் உள்கழுத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், அடுத்த சட்டை பாதி விலை. வரிசையாகப் படங்கள் வந்தன. ஈரச் சட்டை, கசங்கிய சட்டை, ஒரு நாயின் கழுத்து, ஒருவர் சட்டையை விட்டுவிட்டுத் தன் கழுத்தையே அனுப்பியிருந்தார். ஆறரை மணிக்கு வந்த படத்தில் கழுத்து வழவழவென்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை.

அனுப்பியவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர்; டூட்டியில் இருப்பதாகவும் அதைத்தான் போட்டிருப்பதாகவும் கூடவே எழுதியிருந்தார். இதே ஊர்தான், என் நல்ல காலம். அதே அளவில் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினாலு பேர். என் முறை வந்ததும், "எங்க?" என்றார் நிமிராமலே.

"எங்கயும் இல்ல சார். நீங்க போட்டிருக்கிற சட்டை வேணும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவசரமாக விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்காரரை இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். "வேற யாருக்காவது என் பேன்ட் வேணுமா?" என்று வரிசையைக் கேட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைப் புரட்டினேன். உள்தையலில் துவைக்கும் முறை அச்சடித்த ஒரு துணிச்சீட்டு இருக்கும். அதில் பிராண்ட் பெயர் கிடையாது என்பதால் பிரிக்கமாட்டோம். சட்டையை பாஸ் செய்கிற செக்கர் அதன் பின்பக்கம் தன் எண்ணைப் பேனாவால் எழுதுவாள். எந்தக் குருடி இவள் என்று பார்க்கத்தான் திருப்பினேன்.

பதினேழு. ஏழின் நடுவே குறுக்காக ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போடுகிறவள் அங்கே ஒருத்திதான். நான்.

இந்தச் சட்டை எனக்கு ஞாபகம்கூட இல்லை. ஒரு நாளைக்கு எண்ணூறு பார்ப்பேன். வேலையை விடப்போகிற கடைசி வாரமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணம் தேடத் தேட எனக்கே அசிங்கமாக இருந்தது. சீட்டை வெட்டி எறிந்துவிடலாம் என்று கை பரபரத்தது. வெட்டினால் இது அவர்கள் சட்டைதான் என்று மானேஜர் எப்படி நம்புவார்? மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு லேபிள் கட்டுகளோடு கம்பெனிக்குப் போனேன். மானேஜரின் கண்ணாடி அறைக்கு வெளியே மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. தம்பி மேஜையோரம் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்கம்மா" என்றார் மானேஜர். "அலைஞ்சிருக்கவே வேண்டாம். உங்க தம்பி சம்சாரம் எட்டரைக்கே வந்துட்டாங்க. ஒண்ணத் தொலைச்சது அவங்கதான்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். சிட்டுவின் கோழிக் கிறுக்கல். தவறு என்னுடையது, என் கணவருக்கு இதில் சம்பந்தம் இல்லை.

"பிராண்டுக்காரங்க கேட்டா காட்ட எனக்கு ஒரு பேப்பர் வேணும். இது போதும். தம்பி வேலையில இருக்கட்டும். அந்த நாலாயிரமும் எடுத்துக்குங்க. அந்தப் பொண்ணு மட்டும் இனிமே இதுல கை வெக்கக் கூடாது."

எல்லாம் முடிந்துவிட்டது. தம்பிக்கு வேலை இருக்கிறது, எனக்குச் சட்டை இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும். ஆட்டிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், அதை மறைப்பானேன்? அந்தக் கிறுக்கலை இன்னொரு முறை படித்தேன். பிறகு பையிலிருந்து சட்டையை எடுத்து மேஜையில் போட்டேன்.

"எதுவும் தொலையல சார். இதுல லேபிளே தைக்கல. கழுத்தப் பாருங்க, ஓட்டையே இல்ல. பாஸ் பண்ணது யாருன்னு சீட்டுக்குப் பின்னாடி இருக்கு."

அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், சீட்டைத் திருப்பினார். "பதினேழா? யாரு அது?"

தம்பி சட்டென்று நிமிர்ந்து, "அக்கா..." என்றான்.

"நான்தான் சார். பேப்பர் குடுங்க, நான் எழுதித் தரேன். அவ எழுதினது எனக்குத் திரும்ப வேணும்."

"எனக்கு ஒரு பேப்பர் இருந்தாப் போதும்" என்று சிட்டுவின் காகிதத்தைத் தந்துவிட்டு மானேஜர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷம், கீழே எண்ணையும் எழுதிவிட்டேன்.

சிட்டு கேட்டருகே செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"லேபிள் கிடைச்சுதா அண்ணி?"

"தொலைஞ்சாத்தானே கிடைக்கும். அந்தச் சட்டையில லேபிளே வெக்கல. அதப் பார்க்காம பாஸ் பண்ணவ நான்." அவள் எழுதிய காகிதத்தை அவள் கையில் வைத்தேன். "கிழிச்சுப் போடு."

அவள் கிழிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் இப்படி எழுதிக் குடுத்தே? பார்த்துத்தான் பிரிச்சேன்னு சொன்னியே."

"பார்த்துத்தான் பிரிச்சேன். வீட்டுல போயி தலையணையக்கூடப் பிரிச்சுத் தேடினேன். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க செக்கர் ஆச்சே அண்ணி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி நானே கிழித்தேன்.