இடக்கைக்கு வயது இருபத்திரண்டு

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் ஏழு வயதில் ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போய், சாயங்காலம் ஒன்பது வயதாகத் திரும்பி வந்தாள். அன்றைக்கு வெயில் கொஞ்சம் கூடுதல், குழாயில் தண்ணீர் நேரத்துக்கு வந்தது. மற்றபடி குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. காலையில் முழங்காலைத் தாண்டித் தொளதொளவென்று தொங்கிய புதுச் சீருடை இப்போது கச்சிதமாக இருந்தது. பையை மூலையில் வீசிவிட்டுப் பசிக்குது என்றாள். அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "கை காலைக் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள்.

அந்த அம்மாவை முகத்துக்கு நேரே அக்கா என்றும், முதுகுக்குப் பின்னால் 'அடுத்த வருஷம்' என்றும் தெருவில் சொல்வார்கள். தையல்காரி. சொன்ன தேதிக்குத் துணியைத் தைத்துக் கொடுத்துவிடுவாள். உண்மையில் அதுதான் பெரிய அதிசயம், அதை யாரும் சட்டை பண்ணவில்லை. காலைச் சாப்பாட்டை மெல்லும்போதே ராத்திரிக்கு என்ன என்று யோசிப்பாள். பூங்காவுக்குக் கூட்டிப் போனால் உட்கார்ந்ததும் கிளம்பலாமா என்பாள், இருட்டிவிடுமாம், பஸ் கிடைக்காதாம். சாவி எடுத்தாச்சா, குடை எடுத்தாச்சா என்று வாசலில் நின்று அவள் கேட்காத நாள் இல்லை. கெட்ட மனுஷி என்று சொல்லிவிட முடியாது. எது எப்போது கையைவிட்டுப் போகுமோ என்று எப்போதும் ஒரு பயம், அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் டேப்பைப் பிடித்து அங்குலம் பிசகாமல் அளவெடுத்துத் தைத்தவள், தன் மகளுக்கு மட்டும் ஒரு நாளும் அளவெடுத்ததில்லை. வளர்ற பிள்ளைக்கு எதுக்கு அளவு, இன்றைக்கு எடுத்தால் நாளைக்குப் பத்தாது என்று குத்துமதிப்பாக இரண்டு வயசு கூட்டி வெட்டிவிடுவாள். அந்தப் பெண்ணும் வாலுதான், ஒரு பேச்சு கேட்காதுதான். ஆனால் அம்மா தைத்த அளவுக்கு வளர வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படியே கீழ்ப்படிந்துவிட்டது.

முதலில் அம்மா பயந்ததெல்லாம் ஏதாவது நோயாக இருக்குமோ என்றுதான். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் தட்டினார், ஒன்பது வயசுக்கு நல்ல வளர்த்தி என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், வாய்ப்பாடு கேட்டார், பெண் சரியாகச் சொன்னதும் இரண்டு வகுப்பு தள்ளி உட்கார வைத்தார். வீட்டில்தான் விஷயம் வேறு மாதிரித் திரும்பியது. காலையில் ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்து, அந்த இடத்தில் பெரிய பல் முளைத்திருந்தது. விழுந்த பல் எங்கேடி என்று அம்மா கேட்டாள். பெண் அவளை விநோதமாகப் பார்த்தது. "உன்கிட்டதானம்மா காட்டினேன். நீ தைச்சுக்கிட்டே ம்ம்னு சொன்னே." சைக்கிள் ஓட்டப் பழகியதும் அதற்குத் தெரிந்திருந்தது, அம்மை போட்டு இருபது நாள் படுத்துக் கிடந்ததும் தெரிந்திருந்தது. இரண்டு வருஷத்தையும் பெண் ஒரு நாள் விடாமல் வாழ்ந்து முடித்திருந்தது. அம்மாவுக்குத்தான் அது ஒரு திங்கட்கிழமை.

மெக்கானிக் வேறு ரகம். கயிறு அறுந்தால் பார்த்துக்கொள்வோம் என்று நாள் முழுக்க அந்தரத்தில் வேலை பார்க்கிற ஆள். சாப்பிட்டுக்கொண்டே, "வளர்ந்தா வளர்ந்துட்டுப் போகுது, விடு" என்றார். விட முடியுமா? அந்தச் சீருடையை விட்டால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வீட்டில் ஒரு துணிகூட இல்லை, மழைக்காலம் வேறு வாசலில் நிற்கிறது. அந்தப் பதைப்பில் அவள் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல? இருந்த தார்ப்பாய்த் துணியில் ஒரு மழைக்கோட்டு தைத்தாள், கை பழக்கதோஷத்தில் இரண்டு வயசு கூட்டியே வெட்டிவிட்டது. ஒரே ஒரு மழை. நனைந்துகொண்டு வந்த பெண் வாசலில் கோட்டைக் கழற்றி உதறியபோது பதினோரு வயது. முகத்தில் பரு, எதைக் கேட்டாலும் "சும்மா இரும்மா" என்ற பதில். தன் தையல்தான் இதைச் செய்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன நாலு வருஷத்தில் தன் மகள் சிரித்த சிரிப்பு எதுவும் தன்னிடம் இல்லையே என்று எண்ணிப் பார்த்தாள்.

அதைவிடப் பெரிய பயம் பீரோவுக்குள் இருந்தது. பெண் பிறந்த வருஷத்திலிருந்தே, நல்ல துணி கிடைத்தபோதெல்லாம், பின்னாளில் ஆகும் என்று தைத்துத் தைத்து அடுக்கியிருந்தாள். பதிமூன்று வயசுக்கு, பதினைந்துக்கு, பதினெட்டுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் கருநீலத்தில் கெட்டியான கோட்டு ஒன்று, பெண் முதன்முதலாக வேலைக்குப் போகிற அன்றைக்கு, உத்தேசமாக இருபத்திரண்டு வயசு. அன்றைக்குப் போய்த் துணி தேடிக்கொண்டு நிற்கக் கூடாது பாருங்கள். இப்போது பீரோவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே அத்தனை வருஷங்களும் மடித்து வைத்துக் காத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெண்ணுக்குத் தைப்பதையே நிறுத்தி, கடையில் வாங்கிய சட்டையைப் போட்டுவிட்டாள். குளிக்கும்போதுகூடச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள்.

ஆனால் எத்தனை தடவை தொட்டுப் பார்த்தால் என்ன, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தைத்த துணியைக் கொடுக்கப் போனவள், அடுத்த மாசத்து ஆர்டரையெல்லாம் எப்படி முடிப்பது என்ற யோசனையில் சாவியை மெஷின் மேலேயே வைத்துவிட்டாள். பாதி வழியில் இடுப்பைத் தொட்டாள். துணி மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். பீரோ திறந்து கிடந்தது. கண்ணாடி முன்னால் பெண் நின்றிருந்தது. இடது கை கருநீலக் கோட்டுக்குள் போய்விட்டது, வலது கை போகப் போகிறது. "எடுடி கையை!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். கோட்டைப் பிடுங்கி எறிந்தாள். பிடுங்கியதும் தெரிந்தது, மற்றதெல்லாம் பதினோரு வயதாக இருக்க, இடது கை மட்டும் தோளிலிருந்து விரல் நுனிவரை வளர்ந்த பெண்ணின் கை. முழங்கைக்குக் கீழே, சுட்டு ஆறிய தழும்பு ஒன்று. அம்மா கதறினாள். பெண் அழவில்லை. "எப்பப் பார்த்தாலும் நீ வளர்ந்த அப்புறம், நீ வளர்ந்த அப்புறம்னு அந்த வளர்ந்தவகிட்டயேதானேம்மா பேசுறே. யாருன்னு பார்க்கலாம்னுதான்" என்றது.

அழுத அம்மாவின் கண்ணை அந்தப் பெரிய கைதான் துடைத்தது. துடைத்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. முதலில் கட்டைவிரலால் இமையை ஒற்றி, பிறகு புறங்கையால் கன்னத்தை. இதை அந்தக் கை இதற்கு முன் நிறையத் தடவை செய்திருக்கிறது, அதாவது இனிமேல் செய்யப் போகிறது என்று அம்மாவுக்குப் புரிந்தது. எதற்காக அத்தனை தடவை அழப் போகிறோம் என்ற புதுக் கவலை உடனே வந்து ஒட்டிக்கொண்டது. தழும்பு எப்படி வந்தது என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், கைக்குத்தான் தெரியும் என்றது பெண். சாயங்காலம் வந்த மெக்கானிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு காயம் வர்றதுக்கு முன்னாடியே ஆறிடுச்சு. லாபந்தானே" என்றார்.

மறுநாள் பீரோவில் இருந்த எல்லாவற்றையும் நடு அறையில் கொட்டித் தையலைப் பிரித்தாள். கோட்டின் இடது கையை மட்டும் வைத்துக்கொண்டாள், அது ஒன்றுதான் உடனே உதவும். பிறகு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அக்குளில் டேப் பட்டதும் பெண் கூச்சத்தில் நெளிந்து சிரித்தது, அசையாதே என்று அதட்டியவளும் சிரித்துவிட்டாள், அளவு தப்பிப்போய் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வலது கை ஓர் அளவு, இடது கை ஓர் அளவு. அந்த மாசத்திலிருந்து மாசா மாசம் அளவெடுப்பது வழக்கமானது. நிற்க வைத்து அளக்கிற நேரத்தில், தான் பார்க்காத வருஷங்களை அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பல் எந்தப் பக்கம் விழுந்தது, அம்மையில் யார் தலையைக் கோதியது. "நீதான். அப்பவும் நாளைக்கு என்ன பண்றதுன்னுதான் புலம்பினே" என்று பெண் சொல்ல, கோதினேனாமே என்று அவள் மனசு அதையாவது பிடித்துக்கொண்டது.

வருஷங்கள் அது பாட்டுக்கு, ஒவ்வொன்றும் முழுசாக, போயின. பெரிய கை பரணில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது, இறுகிய மூடிகளைத் திறந்தது, பரீட்சை நாட்களில் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் கண்டக்டர் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா, எந்தக் கையை வைத்துக் கிழிப்பது என்று கொஞ்ச நாள் சண்டை போட்டார், பிறகு அவருக்கும் பழகிவிட்டது. அம்மா திருந்திவிட்டாள் என்று சொன்னால் தெருவே சிரிக்கும். குடை எடுத்தாச்சா இன்னும் கேட்கிறாள். ஆனால் துணியை அன்றைய அளவுக்குத்தான் தைக்கிறாள், ஒரு விரல் துணி மட்டும் உள்ளே மடித்து விட்டிருப்பாள். அது கண்டிப்பாக வேண்டும், அவ்வளவுகூட இல்லாமல் தைத்தால் தூக்கம் வராது என்கிறாள். அந்த ஒரு விரல் துணியால் பெண்ணுக்கு எதுவும் ஆகவில்லை.

ஒரு நாள் காலை அளவெடுத்தபோது இரண்டு கையும் ஒரே அளவாக இருந்தன. தப்பாக எடுத்துவிட்டோமோ என்று திரும்ப எடுத்தாள். தப்பாக இருக்கக் கூடாதா என்று மூன்றாம் தடவையும் எடுத்தாள். "அம்மா, போதும்மா" என்றாள் மகள், அம்மாவின் கண்ணை எந்தக் கையால் துடைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் துடைத்தாள். பழைய இடது கைத் துணியோடு புதுத்துணி சேர்த்துக் கருநீலக் கோட்டு தயாரானது. அதைப் போட்டுக்கொண்டு அவள் முதல் நாள் வேலைக்குக் கிளம்பினாள். அம்மா அன்றைக்கு மெஷினைத் தொடவில்லை, வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மகள் அதே வயதில் திரும்பி வந்தாள், பசிக்குது என்றாள்.