குறிகட்டுவானில் இருந்து அறுத்த வழி

காற்று ஏறியதால் நெடுந்தீவுப் படகை நிறுத்திவிட்டார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில், வான் வண்டிக்குள் இருந்தபடியே வேலையை முடித்துவிடலாமென்று பிரதாபன் மடிக்கணினியைத் திறந்தான். தீவின் சிகிச்சை நிலையத்துச் சேர்வரில் வயர் செருகும் நெட்வேர்க் காட்டுகள் இரண்டு இருந்தன. இரண்டையும் இணைத்து ஒரே வழியாக்கினால், யாழ்ப்பாணத்து வைத்தியருக்குப் படங்கள் தடங்கலில்லாமல் போகும்.

நேரில் நிற்கும்போது, வழக்கத்தில் முதலில் சேர்வரை மாற்றுவான். பிறகு எழுந்துபோய் வயர்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியை மாற்றுவான். இன்றும் கை அதே வரிசையில் போனது. திரை உறைந்தது. சேர்வர் இரு வயர்களையும் ஒன்றென்று எண்ண, பெட்டியோ இரண்டென்றே எண்ணியது. பெட்டியைத் திருத்த இங்கிருந்து போகும் வழியும் அந்தச் சேர்வர்தான். நுனிக்கொப்பில் இருந்துகொண்டு அடிக்கொப்பைத் தறித்துவிட்டான்.

கைபேசி அடித்தது. சிகிச்சை நிலையத்துத் தாதி லதீபா.

"அண்ணை, என்ன செய்தனீங்கள்? இன்னாசித்தம்பி ஐயாவை நெஞ்சுநோவெண்டு இப்பதான் கொண்டுவந்து விட்டிட்டுப் போனவை. டொக்டர் அங்கயிருந்து துடிப்பைப் பாத்துக்கொண்டிருந்தவர். எல்லாம் நிண்டிட்டுது. அவர் பாத்துச் சொல்லாமல் ஊசி போடேலாது."

"போனில படம் எடுத்து அனுப்பேலாதோ?"

"கதைக்கிறதே வெட்டி வெட்டி வருது."

படகும் இல்லை.

"மிஸ், பக்கத்து அறையில சேர்வருக்குப் பின்னால ரெண்டு நீல வயர். ஒண்டைக் கழட்டுங்கோ. ஒண்டு மட்டும். மற்றதால வழி வரும்."

"ஐயாவைத் தனிய விட்டிட்டோ? இஞ்ச வேற ஒருத்தரும் இல்லை."

"போனை அவரிட்டக் குடுங்கோ. நான் கதைக்கிறன்."

காலடி ஓசை தேய்ந்தது. பிறகு இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

"ஐயா, கதைச்சுக்கொண்டிருங்கோ."

"ஆர் தம்பி நீர்?"

"கொம்பியூட்டர் திருத்திறவன். குறிகட்டுவானில நிக்கிறன்."

"கடலுக்குப் பயந்தே?" கிழவர் சிரிக்கப் பார்த்தார். "இந்தக் காத்துக்கு நான்... வலை..."

சொல் பாதியில் நின்றது.

"ஐயா? ஐயா!"

உறைந்த திரையை அவன் பார்க்கவில்லை. காதை நசுக்கும்படி கைபேசியை அழுத்தினான். அலை துறையில் மோதும் சத்தத்தைக் கையால் பொத்த முயன்றான். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கியதைக்கூடப் பிறகுதான் கண்டான். வழி வந்துவிட்டது, ஒற்றை வயரில்.

ஓடிவரும் காலடி. லதீபாவின் குரல், அவனுக்கல்ல: "டொக்டர், இப்ப தெரியுதோ?... ஓம், ஓம். போடுறன்."

"மிஸ், ஐயா எப்பிடி?"

ஏதோ உடையும் மெல்லிய ஒலி. ஊசிமருந்துக் குப்பியாக இருக்க வேண்டும். பிரதாபன் இரு கைகளையும் விசைப்பலகையிலிருந்து தூர எடுத்து, தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டான். தோளில் இடுக்கிய கைபேசிக்குள் கிழவரின் மூச்சைத் தேடினான்.



நெடுநேரத்தின் பின் அது வந்தது, இழுத்து இழுத்து.