பிரித்துத் தைத்த கைகள்

என் நாத்தனார் வாயைத் திறந்தால் குறை சொல்லத்தான் திறப்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் சமைத்ததில் உப்பு சரியாக இருந்ததாக ஒரு தடவைகூட ஒப்புக்கொண்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தொற்று பரவ ஆரம்பித்ததும், வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். ஆனாலும் குறை மட்டும் ஃபோனில் தவறாமல் வந்தது.

"அண்ணி, நீங்க அனுப்பின கவுனைப் போட்டுக்கிட்டு கையத் தூக்க முடியல. நோயாளியத் திருப்பிப் படுக்க வைக்கிறதுக்குள்ள அக்குள்ல பிடிச்சு இழுக்குது. ஆளுக்குத் தச்சீங்களா, பொம்மைக்குத் தச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் என் கடையில் தைத்துக்கொண்டு போய் மெச்சுகிறது. இவளுக்கு மட்டும் என் தையல் இளக்காரம்.

ஆஸ்பத்திரியில் பாதுகாப்பு உடை தீர்ந்துபோய் நர்ஸுகள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நாங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பொதுக்கூடத்தைத் திறந்தோம். வீட்டுக்கு வீடு சும்மா கிடந்த தையல் மெஷின்கள் வந்து சேர்ந்தன. தையல் எனக்குத் தொழில் என்பதால் நான் தலைமை. நாங்கள் தைத்துக் கொடுத்ததும், ஊசித் துளை வழியாக ஈரம் இறங்காமலிருக்கத் தையல் ஓடிய இடத்தில் உள்பக்கமாக டேப்பை வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுவது பேங்க்கில் வேலை பார்த்த கேஷியரம்மா. கடைசியில் கவுனின் கைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு ஒழுகுகிறதா என்று பார்ப்பது எதிர்வீட்டுப் பிளம்பர். வாழ்நாள் முழுக்க ஒழுகலோடு மல்லுக்கட்டியவர் என்பதால் அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

தண்ணீர் புகாத அந்தப் பிளாஸ்டிக் பூச்சுத் துணியைக் கொண்டுவந்து கொடுத்த ஆஸ்பத்திரி அம்மா ஒன்று சொல்லியிருந்தார். "தப்பாத் தச்சுட்டா தூக்கிப் போட்டுடுங்க. பிரிச்சு மட்டும் தைக்காதீங்க."

மெஷினைத் தொட்டறியாதவர் பேச்சு என்று அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எதைத் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்போம். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். நல்ல துணியைக் குப்பையில் போட எனக்குக் கை வராது.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, பிளம்பர் பார்த்து முடித்து அடுக்கி வைத்திருந்த கட்டை அவிழ்த்தேன். நான் தைத்திருந்தவற்றை மட்டும் எடுத்து டேப்பை உரித்தேன், கைகளைப் பிரித்தேன், ஒரு விரல் அகலம் வெளியே தள்ளித் தைத்தேன், நானே டேப்பையும் ஒட்டினேன். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பழக்கதோஷத்தில் நகத்தால் தேய்த்துவிட்டேன். பருத்தித் துணியில் தேய்த்தால் மூடிக்கொள்ளும், மிச்சம் துவைத்தால் போய்விடும். இனி என்ன சொல்லுவாள் பார்ப்போம் என்று கறுவிக்கொண்டேதான் தைத்தேன். உண்மையைச் சொன்னால், அவள் கை வலிக்குமே என்றும் இருந்தது.

மறுநாள் காலையில் வண்டி வந்து கட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. நான் பிரித்துத் தைத்ததில் இடுப்பு நாடா அறுந்துபோன ஒரே ஒரு கவுன் பின்தங்கியது. நாடாவைத் தைத்து வைத்தேன்.

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்" என்று பிளம்பர் அதன் கையில் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு. அதை அடுத்து இன்னொன்று. என் தையல் பொடித் தையல். பழைய தையலில் ஊசி இறங்கிய இடத்திலெல்லாம் ஒரு சொட்டு கோத்து நின்றது. அந்தத் துணியில் துளை விழுந்தால் விழுந்ததுதான், மூடாது.

"டேப்பு சரியா ஒட்டலம்மா" என்றார் பிளம்பர்.

கேஷியரம்மா ஓடிவந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "பாத்துப் பாத்துத்தானே ஒட்டினேன்... பெட்டி சூடு பத்தலையோ என்னவோ. ஐயோ, காலைல போனதெல்லாம்?"

"நேத்து நான் எல்லாத்தையும் பாத்தேனே. இது ஒண்ணுலதான் எப்படியோ டேப்பு விட்டிருக்கு" என்று பிளம்பர் அவரைத் தேற்றினார்.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். கேஷியரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையில் இருந்த கவுன்களுக்கெல்லாம் மறுபடி முதலிலிருந்து இஸ்திரி போட ஆரம்பித்தார். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஃபோனில் இரண்டு நம்பர்கள் இருந்தன. ஒன்று வார்டு நம்பர். அவசரமென்றால் கூப்பிடச் சொல்லி நாத்தனாரே கொடுத்தது. அதில் கூப்பிட்டால் யாராவது உடனே எடுப்பார்கள். யார் பிரித்தது, ஏன் பிரித்தீர்கள் என்று கேட்பார்கள். தலைமைத் தையல்காரியின் லட்சணம் ஊருக்கே தெரிந்துவிடும். இன்னொன்று அவளுடைய சொந்த நம்பர். வேலை நேரத்தில் அந்த ஃபோன் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் அவளுடைய நம்பரைத்தான் அழுத்தினேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை என்று என் மனதுக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தேன். வெட்கங்கெட்ட கை, அது பாட்டுக்குத் தைத்தது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அவளே கூப்பிட்டாள். கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஃபோனை எடுத்ததுமே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணி, உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும்! கவுன் கை எவ்வளவு தாராளமா இருக்கு! கட்டுல தேடித் தேடி உங்க தையலா எடுத்துப் போட்டோம். நான் சொன்னேன்னுதானே பிரிச்சுத் தச்சீங்க? எங்க அண்ணி எனக்காகத் தச்சதுன்னு வார்டு பூரா சொல்லிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

"இப்ப எங்க இருக்கே?"

"இப்பதான் கழட்டிட்டு வெளிய வந்தேன். ஒரே புழுக்கம் அண்ணி. உள்சட்டைக் கை தொப்பலா நனைஞ்சு கிடந்துச்சு. அவ்வளவு வேர்வை."

"அது வேர்வை இல்ல" என்றேன்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கேஷியரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பிரிச்ச எடத்துல துளை நிக்குது. தண்ணி உள்ள வருது. பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, நான்தான் கேக்கல. டேப்பு மேல தப்பு இல்ல. எல்லாம் நான் செஞ்சது. யாரும் இனிமே அதப் போட வேணாம்னு சொல்லு."



"காலைல என் ஃபோனுக்குக் கூப்பிட்டிருக்கீங்க. இதுக்குத்தானா?"

"ஆமா."

"வார்டு நம்பர் உங்ககிட்ட இருக்கே அண்ணி" என்றாள்.