இடது மூலையில் அதே பொத்தான்

மூச்சு வந்துவிட்டது இதற்கு, இடது கீழ் மூலையில் பொத்தான் அதே இடத்தில் இருக்கிறது, அமுக்கினால் பட்டியல் விரிகிறது, இதற்கா நான்கு நாளாக அவ்வளவு யோசித்தேன்… பழைய லேப்டாப், புது விண்டோஸ் ஏறாது என்று கடைக்காரர் கையை விரித்ததும், இரும்புக்குப் போட்டால் பேரீச்சம்பழமாவது கிடைக்கும் என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். காலண்டர் கம்பெனி மேனேஜர், வீட்டிலும் அதே சிரிப்பு. இது போனால் தேதிச் சீட்டுகளைப் பிழை திருத்த மறுபடி கம்பெனிக்குப் போய் இவர் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும், கொட்டாவி விட்டால்கூட என்ன என்று கேட்பார்… விண்டோஸுக்குப் பதில் இலவசமாகப் போடலாமாம் லினக்ஸ், தேடினால் ஒன்றா இரண்டா, உபுண்டு, ஃபெடோரா, சோரின், மின்ட், எதை எடுக்க? ஆடிப்பெருக்கன்று கம்பெனியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் படங்களின் புது ஆல்பத்தை விரித்து வைத்தால், அத்தனை படத்தையும் எச்சில் தொட்டுப் புரட்டிவிட்டு, போன வருஷத்து லட்சுமியையே போடுங்க என்பார்கள் காலண்டர் அடிக்க வரும் கடைக்காரர்கள், எத்தனை தடவை உள்ளுக்குள் சிரித்திருப்பேன், கடைசியில் நானும் மின்டை எடுத்தது அது பழையதைப் போலவே இருந்ததால்தானே?

பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடுங்கள் என்று மின்ட் தளத்தில் போட்டிருந்தது, எனக்கு இதுவரை யார் அப்படிச் சொன்னார்கள்… மூன்று மத்தியானம் ஓட்டிப் பார்த்தேன், வைஃபை பிடித்தது, பிரிண்டர் பிடித்தது, தமிழ் உடையவில்லை, ஒரு துணைக்கால்கூடத் தள்ளி நிற்கவில்லை. இன்றைக்கு, பழையதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டபோது விரல் அந்தரத்தில் நின்றது, அந்நேரம் பார்த்து விஸ்வநத்தம் பக்கம் ஏதோ பட்டாசு ஆலையில் வெடி சோதிக்கிற சத்தம், பதறி அமுக்கிவிட்டேன். பிறகு, உங்கள் பெயர் என்ன என்றது. வாங்கிய நாளிலிருந்து திறந்தால் மணிகண்டராஜ் என்று இவர் பெயர்தான் வரும், கடவுச்சொல் இவர் பிறந்த தேதி… ஆர்த்தி என்று அடித்தேன். கடவுச்சொல்லும் நானே வைத்தேன்.

சாப்பிட வந்தவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார், பரவாயில்லையே, பொளைச்சுக்கிருச்சே என்கிறார், குரலில் கேலி இல்லை, சந்தோஷமாகக்கூட இருக்கிறது.

“பாஸ்வேர்டு என்ன வச்சிருக்க? ஒரு சீட்டுல எழுதிக் குடு, அவசரத்துக்கு வேணும்ல.”

நியாயம்தான், உள்ளே ஒளிக்க என்ன இருக்கிறது, அடுத்த வருஷத்து ராகுகாலமும் எமகண்டமும்தான், ஒன்றுமே இல்லாததை ஏன் இப்படிப் பொத்திக்கொள்கிறேன்…

“உங்க பேர்ல தனியா ஒரு அக்கவுண்ட் போட்டுத் தாரேன்,” என்கிறேன், திரும்பாமல். “இது இருக்கட்டும்.”