விதவைத் தொப்பி

என் ஓவியங்களின் தரத்தை நான் கைக்குட்டைகளால் அளப்பவன். கண்காட்சிக்குப் படம் அனுப்புவதற்கு முந்தின ஞாயிறு, லண்டன் ஓவியர்கள் எல்லாரும் வீட்டைத் திறந்து வைப்போம். தெரிந்தவர்கள் வந்து பார்ப்பார்கள். போன வருஷம் என் செத்த குருவிப் படத்துக்கு இரண்டு கைக்குட்டை வெளியே வந்தது. அதில் ஒன்று ஜலதோஷம்.

இந்த வருஷம் விடக்கூடாது என்று மாலுமியின் விதவை ஒருத்தியை வரைய எடுத்துக்கொண்டேன். கையில் சாவுச் செய்தி சொல்லும் கறுப்புக் கரை போட்ட கடிதம், காலடியில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு, மேசையில் ஆறிப்போன டீ. படத்துக்காக என் முன்னால் வந்து உட்கார்ந்தவள் சலவைக்காரி மிசஸ் ஸ்பர்லிங். அவள் புருஷன் ஜாபெஸ் நிஜமாகவே மாலுமி. அவன் போன கப்பலைப் பற்றிப் பதினோரு மாதமாகத் தகவல் இல்லை. அவள் கையில் நான் கொடுத்தது வெறும் சலவைச் சீட்டு. கறுப்புக் கரையைப் பிறகு நானே சேர்த்துக்கொண்டேன். ஆனால் விதவைகள் போடும் வெள்ளைத் தொப்பியை நீட்டியதும் எழுந்துவிட்டாள்.

"அதை மட்டும் சொல்லாதீங்க சார். இங்க நான் தலையில வச்சா அங்க அவருக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"சரி" என்றேன். அவள் போனதும், ஓவியர்கள் உடை மாட்டிப் பார்த்து வரையும் மரப்பொம்மைக்குத் தொப்பியை மாட்டி, அதைப் பார்த்து அவள் தலையில் வரைந்தேன். பொம்மைக்குப் புருஷன் கிடையாது.

ஞாயிறன்று ஏழு கைக்குட்டை. என் வீட்டுச் சொந்தக்காரி மிசஸ் குயில்ட்டர் கண்ணைத் துடைக்க ஏப்ரனையே எடுத்துவிட்டாள். அப்போதுதான் கதவருகே மிசஸ் ஸ்பர்லிங் நின்றிருந்ததைக் கவனித்தேன். நான் கூப்பிடவில்லை, கூப்பிடாமலிருக்கத் தனியாக மெனக்கெட்டிருந்தேன்.

படத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க சார்?"

"என்னது?"

"அவரு போயிட்டாருன்னு."

"யாரும் சொல்லலை. வெறும் பெயின்ட்தானே, மிசஸ் ஸ்பர்லிங்."

"வெறும் பெயின்ட்டுக்கா இந்தம்மா அழறாங்க?"

மிசஸ் குயில்ட்டர் ஏப்ரனைக் கீழே விட்டாள். "நான் எங்கடி அழுதேன்? காலையில வெங்காயம் நறுக்கினேன்."

மற்ற எல்லாரும் போனதும் கத்தியை எடுத்துத் தொப்பியைச் சுரண்டினேன். பெயின்ட் ஈரமாகத்தான் இருந்தது. மிசஸ் ஸ்பர்லிங் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தலைத்துணியை அவிழ்த்துத் தலையைக் காட்டினாள். "பார்த்து வரைங்க சார். நரையை விட்டுடுங்க." கடிதத்தின் கறுப்புக் கரையும் போயிற்று. இப்போது படத்தில் ஒரு பெண் சலவைச் சீட்டைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்வுக் குழு படத்தைத் திருப்பியனுப்பியது, முதுகில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு. மிசஸ் ஸ்பர்லிங்கிடம் சொன்னேன்.

"விடுங்க சார். அங்க மாட்டியிருந்தா உள்ள போக ஆளுக்கு ஒரு ஷில்லிங் கேப்பானுங்க. அவரு வந்ததும் நேரா இங்கயே கூட்டிட்டு வர்றேன்."

ஜாபெஸ் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். படத்தை மாட்ட அந்த உயரத்துக்குச் சுவரில் ஆணி அடித்தேன்.